படி இல்லாத வாசல்

ஹோகிடிகா
சனிக்கிழமை, மத்தியானம்

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா சுகம், நாய் சுகம், நான்கு கோழிகளில் மூன்று சுகம். நான்காவது முட்டையிடுவதை நிறுத்திவிட்டது, சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை, அதனால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுவேன், அதற்காகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அங்கே ஓடிவிடாதே. துப்பறியும் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நீ, உன்னை எனக்குத் தெரியும். அங்கே கார்க் நகரத்தில் நீயும் உன்னோடு குடியிருக்கும் அந்த நர்ஸ் பெண் ஓர்லாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓர்லா மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். இதையெல்லாம் ஃபோனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. நான் ஃபோனைக் கையில் எடுத்தால் போதும், உன் அப்பா எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறார். என்ன என்று கேட்டால் கெட்டில் வைக்க வந்தேன் என்கிறார், கெட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். இன்றைக்குப் பழைய பலகைகளின் கடைசிச் சுமையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு குப்பைக் கிடங்குக்குப் போயிருக்கிறார். அங்கே அவருக்குப் பேச ஆள் கிடைக்கும், வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் எழுதி ஒட்டித் தபாலில் போட்டுவிட வேண்டும்.

பலகைகள் என்று எழுதியதைச் சரியாகத்தான் படித்தாய். நம் வாசலில் இருந்த மரத்தளம் போய்விட்டது. உனக்கு நான்கு வயதிருக்கும்போது உன் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் மூன்று சனி ஞாயிறுகளில் கட்டியது. பலகையைவிட பீர் புட்டிதான் அதிகம் செலவானது. ஒரு பக்கம் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் வடியட்டும் என்று திட்டமிட்டுச் சரித்ததாக இருபத்திரண்டு வருடம் சாதித்தார். நம் ஊர் மழைக்குப் பலகையெல்லாம் பாசி பிடித்து வழுக்கும், அதனால் மேலே கோழிவலையை விரித்து ஆணி அடித்திருந்தார். அந்தக் கோழிவலைதான் என் சத்துரு. போன குளிர்காலத்திலிருந்து எட்டு முறையாவது அதில் கால் மாட்டி விழப்பார்த்தேன், இரண்டு முறை விழவே செய்தேன். ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சுட்ட ஆட்டுக்காலோடு விழுந்தேன். ஆட்டுக்கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாய் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆட்டுக்காலிடம் போனது. இதைத் தேவாலயத்திலும் கறிக்கடையிலும் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன், உனக்கும் ஃபோனில் சொன்னேன். நீ சிரித்தாய், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாய். அன்றைக்கே நான் அதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அப்பாவின் சங்கதி உனக்குத் தெரியும். குளியலறைக் குழாய் பதினோரு வருடமாகச் சொட்டுகிறது, கேட்டால் அது நமக்குத் துணை என்பார். அப்படிப்பட்ட மனிதர் பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தத் தளத்த எடுத்துட்டு கான்கிரீட் போட்டுரலாம்னு பாக்கறேன். அப்படியே கேட்டு வரைக்கும் நடைபாதையும்" என்றார். நான் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தானே கட்டியதைத் தானே இடிக்க ஓர் ஆண்பிள்ளை முன்வந்தால் பின்னால் பெரிய காரணம் இருக்கும். வீட்டை விற்கப்போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், அந்த வாரம்தான் ஒரு தரகன் எல்லோர் வீட்டுத் தபால் பெட்டியிலும் சீட்டுப் போட்டுப் போயிருந்தான். "பெவன், வீட்ட விக்கப் போறியா?" என்று நேராகவே கேட்டேன். "ஆமா... இல்ல" என்றார். நம் பக்கத்தில் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம், தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் யாரும் மூச்சுகூட விடுவதில்லை. இவர் நடுவில் ஒரு வாய் டீ குடித்தார்.

அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டேன். செய்தித்தாளின் ஓரத்தில் அவர் போட்ட படத்தை, அவர் கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து எடுத்துப் பார்த்தேன். வாசலில் படியே இல்லை. கதவு நிலையும் தளமும் ஒரே மட்டம், அங்கிருந்து பாதை மெல்ல மெல்லச் சரிந்து கேட்டுக்குப் போகிறது. அகலம் ஒன்றரை மீட்டர். தபால்காரர் மட்டும் வந்துபோகிற வீட்டுக்கு எதற்கு ராஜபாட்டை என்று கேட்டேன். "ஒத்தச் சக்கர வண்டி போக வேணாமா?" என்றார். அந்த வண்டிக்குச் சக்கரம் கழன்று ஆறு வருடம் ஆகிறது, அதில் நான் ஜெரேனியம் பூச்செடி வளர்க்கிறேன். படியை ஏன் எடுத்தாய் என்றால் நாய்க்கு வயதாகிறதாம். நாய் அந்த நேரம் சோபாவின் முதுகில் ஏறி நின்று ஜன்னல் வழியாகக் கடற்காகத்தைத் திட்டிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் பொடிமீனால் வந்தது. கான்கிரீட் வேலைக்கு உன்னோடு படித்த மாராமாவின் அப்பா டிபெனேயைப் பேசினார். டிபெனேவுக்கு மே மாதம் வரை வேலை இருந்தது, ஆனால் நமக்கு மார்ச்சிலேயே வர ஒப்புக்கொண்டார். எப்படி என்று பார்த்தால் உறைபெட்டியில் கடைசியாக இருந்த இரண்டு பை பொடிமீனைக் காணோம். கிர்ஸ்டி, உன் அப்பா ஆற்றுமுகத்தில் வலையோடு இரண்டு மாதம் நின்று பிடித்த மீன். அதைத் தன் சொந்தத் தம்பிக்குக் கொடுக்காதவர், வலை போடுகிற இடத்தைக்கூட எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத்தான் காட்டினார். அவர் பொடிமீனைத் தானம் செய்தார் என்றால் ஒன்று அவருக்குச் சாவு நெருங்கிவிட்டது, இல்லை எதையோ மறைக்கிறார். இரண்டு நாள் அவர் தூங்கும்போது மூச்சைக் கவனித்தேன். குறட்டை வழக்கம்போல நன்றாகவே இருந்தது, அதனால் இரண்டாவதுதான் என்று முடிவுகட்டினேன்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு கிளெனிஸ் வேறு. மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிறவள் வாரத்துக்கு இரண்டுமுறை வாழைப்பழக் கேக்கோடு வந்தாள். வந்தவள் கேக்கைப் பற்றிப் பேசாமல் "நீ உக்காரு லின்லி, நான் எடுத்துக்கறேன்" என்று என் அடுப்படியிலேயே என்னை உட்காரவைத்தாள். ஒரு நாள் கேட்டருகே அவளும் உன் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வந்ததும் இரண்டுபேரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றி ஆரம்பித்தார்கள். ஒருவர் நல்ல மழை என்கிறார், இன்னொருவர் மழையே இல்லை என்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்றரை நாள் என் புத்தி அந்தத் திசையிலும் போனது. பிறகு கிளெனிஸ் தன் பட்ஜி கிளியோடு ஒரே தட்டில் சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மனம் சமாதானமாகிவிட்டது.

கான்கிரீட் ஊற்றியது இந்த வாரம் செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்தது, ஏழு மணிக்கே கலவை லாரி வந்துவிட்டது. டிபெனேவும் அவருடைய இரண்டு ஆட்களும் முதல் நாளே சுற்றிலும் பலகை அடைத்துக் கம்பி வலை விரித்து வைத்திருந்தார்கள். ஒன்பதுக்குள் கலவையைப் பரப்பி நீளமான மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, மேலே ஊறும் தண்ணீர் வற்றட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தார்கள். பத்து மணி டீ நேரம். வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கும்போது பத்து மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கிய ஏதாவதொன்று இல்லாமல் டீ கொடுத்தவள் பெயர் இந்தக் கடற்கரையில் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். போன வருடம் கடை பிஸ்கட் கொடுத்த ஒருத்தியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள், பேசுகிறவர்களில் நான் முக்கியமானவள். ஆகவே சீஸ் ஸ்கோன் ரொட்டி சுட்டு, வெண்ணெய், ஜாம், பெரிய டீப்பானை, ஆறு குவளை எல்லாவற்றையும் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, முழங்கையால் முன்கதவைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். தட்டு என் மூக்குவரை இருந்தது, கீழே எதுவும் தெரியவில்லை. வெளியே கால் வைத்தேன்.

"லின்! லின்! நில்லுங்க!" என்று டிபெனே கத்தினார். ஸ்கோனுக்கு இவ்வளவு அவசரமா என்று எனக்குப் பெருமை, "ஜாமும் இருக்கு, தள்ளிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு அடி வைத்தேன். ஜில்லென்று செருப்புக்குள் ஏதோ புகுந்த பிறகுதான் புரிந்தது. நான்காவது அடியில் டிபெனே ஓரமாக வந்து, ஒரு கையால் தட்டை வாங்கி மறு கையால் என்னை இடுப்போடு தூக்கிப் புல்லில் இறக்கினார். ஒரு துளி டீ சிந்தவில்லை, இதை நீ யாரிடம் சொன்னாலும் மறக்காமல் சொல். ஒரு கம்பளிச் செருப்பு மட்டும் கான்கிரீட்டோடு தங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் அதிகமாகச் சிரித்தேன். கிளெனிஸ் தன் ஜன்னல் திரையைப் பாதி திறந்திருந்தவள் முழுவதும் திறந்துவிட்டாள்.

டிபெனே பூச்சுக் கரண்டியை எடுத்துக்கொண்டு என் கால்தடத்தை மெழுகக் குனிந்தார், குனிந்தவர் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். வலது கால் தடங்கள் இரண்டும் முத்திரை குத்தியதுபோலச் சுத்தமாக விழுந்திருந்தன. இடது கால் தடங்கள் இரண்டுக்கும் பின்னால் வால். தவளைக்குஞ்சுக்கு இருப்பதுபோல, ஒரு சாண் நீளத்துக்குக் கலவை கீறிக்கொண்டு வந்திருந்தது. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்துப் போட்டிருக்கிறேன். டிபெனே நிமிர்ந்து உன் அப்பாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க சொன்னது சரிதான் பெவன். இடது கால்தான்" என்றார்.

நீங்க சொன்னது. என் காது உனக்குத் தெரியும். மூன்று வீடு தள்ளி ஒருவர் பெருமூச்சு விட்டால் யாரை நினைத்து என்று சொல்லிவிடுவேன். "என்ன சொன்னார்? எப்பச் சொன்னார்?" என்று கேட்டேன். டிபெனே பெரிய ஆள், அறுபது கிலோ சிமென்ட்டை அக்குளில் வைத்துக்கொண்டு பேசுகிறவர், அவர் முகம் சின்னப் பையன் முகம்போல ஆகிவிட்டது. மூன்று ஸ்கோனை மெல்லாமல் விழுங்கினார். உன் அப்பா வானத்தைப் பார்த்து "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார், தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லை. கடைசியில் டிபெனேதான், "லின், எனக்கு ஒன்னும் தெரியாது. படி வேணாம், அகலமா வேணும், வழுக்கக்கூடாது, சீக்கிரமா வேணும்னாரு. ஏன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அவரு சொல்லியிருப்பாரு, அப்புறம் ரெண்டு பேரும் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னிருப்போம்" என்றார். பிறகு மெதுவாக, "அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார். அழிங்க, டீ ஆறுது என்றேன். இரண்டு இழுப்பில் எல்லாம் போய்விட்டது.

அவர்கள் போன பிறகு, உன் அப்பா கடைக்குப் போன சமயத்தில், சலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் மாவைத் தூவி நடந்து பார்த்தேன். ஐம்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை, தன் கால்தடத்தைத் தானே குனிந்து வேவு பார்க்கிறாள், இதைப் படித்து நீ சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான். வால் இருந்தது. செருப்பின் குற்றமாக இருக்கும் என்று வெறுங்காலோடு நடந்தேன், வால் இருந்தது. வேகமாக, மெதுவாக, பக்கவாட்டில், ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஜனவரியில் ஒரு நாள் துணிக்கொடிக்குக் கீழே விழுந்தேன். அங்கே பலகை இல்லை, கோழிவலை இல்லை, வெறும் புல். எழுந்திருக்க இடது கால் ஒத்துழைக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். யாராவது பார்த்தால் என்ன செய்வது என்று, புல்லில் துணிக் கிளிப் தேடுகிறவள்போலக் கையால் தடவிக்கொண்டே கிடந்தேன். கிளெனிஸ் பார்த்திருக்கிறாள். இருபது நிமிடம் ஒருத்தி ஒரு கிளிப்பைத் தேடமாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வாழைப்பழக் கேக் சுட ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது உன் முறை, நிமிர்ந்து உட்கார். ஜனவரிக் கடைசியில் நீ வீடியோவில் கூப்பிட்டபோது, "அம்மா, ஹைட்ரேஞ்சியா எப்படிப் பூத்திருக்குன்னு காட்டு, ஃபோன ஜன்னல்ல சாச்சு வெச்சுட்டு அந்தப் பக்கம் நடந்து போய் நில்லு" என்றாய். பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் என்று நானும் செடிக்குச் செடி நடந்து காட்டினேன். ஓர்லா உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள், கையில் பேனா. எந்தப் பெண் பேனாவோடு பூப் பார்ப்பாள்? நீ "இன்னொரு தடவ, அந்த மூலைக்கு" என்றாய். மூலையில் பூவே இல்லை, உரக்குழிதான் இருக்கிறது. அதற்கு மறுநாள் உன் அப்பா கொட்டகையில் நின்று அரை மணி நேரம் ஃபோன் பேசினார். ஒரு குறுஞ்செய்தி தட்ட முழு மத்தியானம் எடுக்கிற மனிதர், கொட்டகையில் யாரோடு பேசுவார்? அதற்கு அடுத்த திங்கள்கிழமைதான் கான்கிரீட் பேச்சு வந்தது. நீ, உன் அப்பா, கிளெனிஸ், ஓர்லா, இரண்டு பை பொடிமீன், எல்லாம் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில் நான் ஒருத்திதான், அதுவும் ஒரு கால் உங்கள் பக்கம் போய்விட்டது.

கோபம் இருந்தது, மறைக்கவில்லை. மூன்று நாள் உன் அப்பாவுக்கு முட்டையை வேண்டுமென்றே கெட்டியாக வேகவைத்தேன், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை கான்கிரீட் நடக்கத் தயாராகிவிட்டது. துடைப்பத்தால் கோடு இழுத்து, காலுக்குப் பிடிப்பாக, ஓரமெல்லாம் மழுக்கி, டிபெனே அழகாகத்தான் செய்திருக்கிறார். கதவைத் திறந்து வெளியே வந்தேன். கேட்டு வரைக்கும் முடி அளவு மேடு பள்ளம் இல்லை. பாதி வழியில் கால் தடுக்கியது. விழவில்லை, தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து பார்த்தேன், திரும்பிப் பார்த்தேன். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோழிவலை இருந்த வரைக்கும் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே வந்து, உன் அப்பா கோழிக்கூண்டில் இருக்கும்போது, நானே கிரேமவுத் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டேன், நம் ஊர் டாக்டர் ஊரைவிட்டுப் போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் அங்கேதான். இவர்களுக்கெல்லாம் தெரியாமல் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லி எல்லோர் மூக்கையும் உடைக்க வேண்டும் என்று எண்ணம். பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பெண், "லின்லி தானே? உங்க பேர்ல ஏற்கெனவே இருக்கே. வர்ற வியாழன், பதினொன்னு. மூணு வாரத்துக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர்..." என்றவள், "ஐயோ, உங்ககிட்ட நான் சொல்லக்கூடாதோ?" என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும்மா, சரிபார்க்கத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே உன் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டு, வியாழக்கிழமை கிரேமவுத்தில் ஒரு தண்ணீர் பம்ப் பார்க்கப் போகவேண்டும், சும்மா கூட வர்றியா, மத்தியானம் வெளியே சாப்பிடலாம் என்றார். நமக்கு எதற்குப் பம்ப், இங்கே வானமே பம்ப்தானே. கேட்கவில்லை. வர்றேன் என்றேன். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. இத்தனை வாரமாக ஒரு வார்த்தை வாயைத் திறக்க முடியாமல், வாய்க்குப் பதிலாகப் பாதை போட்டுக்கொண்டிருந்த மனிதர். நாற்பது கிலோமீட்டர் வண்டியில் அவர் அந்தப் பம்பைப் பற்றி என்னென்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு வருவேன், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் நானே கதவைத் திறந்து முதலில் இறங்கிவிடுவேன், அவர் அந்தப் பொய்யை முடிக்கச் சிரமப்பட வேண்டாம். அவருக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது கிர்ஸ்டி, இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, நீ பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் உன்னிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

குளிர் போய்விட்டது என்று கம்பளிக் காலுறையைக் கழற்றிவிடாதே. ஓர்லாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல், கையெழுத்து நன்றாக இருந்தால் அவள் எழுதிவைத்த குறிப்பை எனக்கு அனுப்பச் சொல், டாக்டரிடம் காட்டுகிறேன். சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை செய்யாதே. கடவுள் உன் தலைமேல் கையை வைத்திருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். உன் அப்பா வண்டிச் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரமாகும், அதற்குள் வியாழக்கிழமை வந்துபோயிருக்கும், என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கும். படித்த அன்றைக்கே கூப்பிடு. மழையா வெயிலா என்று ஆரம்பிக்காதே. அம்மா, காலுக்கு என்ன சொன்னாங்க என்று கேள். நேராகக் கேள், நான் நேராகச் சொல்கிறேன்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா
லின்லி